ஒரு துளை சுரங்கம் ஆகாது

ஊர் எல்லையில் துளை போடும் ரிக் வண்டி வந்து நின்றுவிட்டால், டீக்கடையில் இரண்டு பேச்சு கிளம்பும். "புதையல் அகப்பட்டுடுச்சு, நிலத்து விலை எங்கேயோ போகப்போகுது" என்பார் ஒருவர். "சுரங்கம் வருது, நிலம் போச்சு" என்பார் இன்னொருவர். அந்தக் கட்டத்தில் இருவர் பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. துத்தநாகமும் ஈயமும் தேடிப் போடும் துளைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது விளங்கும்.

ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் ராம்புரா அகூச்சா என்று ஓர் இடம். இன்று உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1977இல் மாநிலச் சுரங்கத் துறையின் நிலவியலாளர்கள் அங்கே கண்டது, துருப்பிடித்த இரும்பைப் போலச் செம்பழுப்பாகக் கிடந்த பாறை. கந்தகம் கலந்த தாது மழைக்கும் காற்றுக்கும் ஆட்பட்டுச் சிதைந்தால் மேலே இப்படி ஓர் இரும்புத் தொப்பி மிஞ்சும். துத்தநாகம் தண்ணீரில் எளிதாகக் கரைந்து போய்விடும். ஈயம் பெரும்பாலும் இடம் பெயராமல் தங்கும். ஆகவே துத்தநாகம் தேடுகிறவர், மேல்பாறையில் முதலில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பார். அகூச்சாவில் ஈயமும் வெள்ளியும் எடுத்த பழங்காலத்துக் குழிகளும் இருந்தன. நமக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யாரோ அங்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்குச் சுமார் 70 கிராம் துத்தநாகம்தான் இருக்கும். அகூச்சாத் தாதுவில் டன்னுக்கு நூறு கிலோவுக்கு மேல். அவ்வளவு செழிப்பான தாது, அதுவும் நிலத்தின் மேலேயே அடையாளம் காட்டிய தாது. அப்படியிருந்தும் சுரங்கம் இயங்கத் தொடங்கியது 1991இல்தான். கண்டுபிடித்த ஆண்டிலிருந்து எண்ணிப் பாருங்கள், பதினான்கு ஆண்டுகள்.

கருவிகளை வைத்து மேலிருந்தே பார்த்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். பார்க்கிறார்கள், ஆனால் கருவி ஏமாறும். மின்சாரத்தை மண்ணுக்குள் செலுத்திப் பார்ப்பது ஒரு முறை. ஈயத் தாதுவான கலீனா மின்சாரத்தைக் கடத்தும். துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட் அநேகமாகக் கடத்தாது. போதாததற்குக் கிராஃபைட் நன்றாகவே கடத்தும். அகூச்சாத் தாது படிந்திருப்பதோ கிராஃபைட் கலந்த பாறைக்குள். கருவி காட்டுவது தாதுவையா, வெறும் கிராஃபைட்டையா? துளை போட்டால்தான் தெரியும்.

நம் ஊர் போர்வெல் வேறு, இந்தத் துளை வேறு. போர்வெல்லில் பாறை பொடியாகிப் புழுதியாக வெளியே பறக்கும். இங்கே பாறை முழுசாக மேலே வரவேண்டும். துளைக்கும் முனை நடுவில் ஓட்டையுள்ள வளையம். அதன் விளிம்பில் தொழிற்சாலை வைரத் துகள்களைப் பதித்திருப்பார்கள். வளையம் சுழன்று அறுக்க, உருளைக் கல் உள்குழாய்க்குள் ஏறும். சூட்டைத் தணிக்க ஓயாமல் தண்ணீர் ஓடும். குழாய் நிறைந்ததும் கம்பியால் மேலே இழுத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிக் கல்லை வெளியே எடுப்பார்கள். இதைத்தான் கோர் என்கிறார்கள். தடுப்புகள் உள்ள பெட்டியில் அதை வரிசை தவறாமல் அடுக்கி, இடையிடையே ஆழம் எழுதிய கட்டையைச் செருகுவார்கள். ஒரு துண்டு இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். ரிக்கில் வேலை செய்யும் உதவியாளரின் கவனம்தான் இங்கே எல்லாம். பின்னால் கணினியில் வரையும் படங்களெல்லாம் அவர் அடுக்கிய பெட்டியை நம்பித்தான் நிற்கின்றன.

கையில் எடுத்தால் கலீனா கனக்கும்; உடைந்த முகம் வெள்ளியைப் போல் மின்னும். ஸ்பேலரைட் கருப்பு, பழுப்பு, தேன் நிறம் என்று வேஷம் போடும். அதைச் சுரண்டிய பொடியில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். நிலவியலாளர் முகம் மலரும் நாற்றம் அது. பிறகு கோரை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும், நாளை யாராவது சந்தேகம் எழுப்பினால் எடுத்துக் காட்ட.

இந்தத் துளை முடிவுகளை நம்பிப் பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய தாதுப் படுகைகள் பல இடங்களில் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். துளை அதனுடன் ஒட்டினாற்போல் சாய்வாக இறங்கினால், ஐந்து மீட்டர் தடிமனுள்ள தாது இருபது மீட்டராகத் தெரியும். "இருபது மீட்டர் தாது கிடைத்தது" என்று செய்தி வந்தால், எந்தக் கோணத்தில் துளைத்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தடுத்துத் துளை போட்டு, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். நம் நாட்டுக் கணக்கில் ஜி-4 என்ற முதல் நோட்டத்தில் தொடங்கி ஜி-1 என்ற விரிவான ஆய்வு வரை நான்கு படிகள். பெரும்பாலான இடங்கள் முதல் படிகளிலேயே கைவிடப்படும். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரிலும் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த தாது உண்டு. அங்கேயும் துளை போட்டு ஆராய்ந்தார்கள். ஆனால் அகூச்சா போல ஒரு சுரங்கம் அங்கே எழவில்லை.

ஆகவே ரிக்கைப் பார்த்ததும் நிலத்தை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கேட்கவேண்டியது வேறு. யாருடைய அனுமதியில் துளைக்கிறார்கள்? துளைச் சேறு எங்கே போகிறது? ஈயமும் கந்தகமும் கலந்த சேறு ஏரிக்குப் போகக் கூடாது. வேலை முடிந்ததும் துளையைச் சிமெண்ட் கலவையால் அடைத்தார்களா? அடைக்காவிட்டால் வெவ்வேறு ஆழத்து நீர் ஒன்றோடொன்று கலந்து, பக்கத்துக் கிணறு கெடக்கூடும். இந்தக் கேள்விகளைக் கிராம சபையில் எழுப்புங்கள். பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.