ஓரேடு, இருவகைப் புள்ளிகள்



பெருங்குடலைப் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியன் எழுந்து நிற்பது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். எழுத்தும் புள்ளியும் அறிந்த எவர்க்கும் இச்செய்தி விளங்கும். விளங்கினால் ஓருயிரையேனும் காக்கும் என்பதாற் சொல்லத் துணிந்தேன்.

நம் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. வலப்புறம் மேலேறி, வயிற்றின் குறுக்கே சென்று, இடப்புறம் கீழிறங்குவது. பார்ப்பார்க்கு அஃது ஒரே குழாய். கருவிலோ அஃது இருவேறு பிறப்பினது. வலப்பகுதியும் குறுக்குக்குடலின் மூன்றில் இரண்டு பங்கும் கருவின் நடுக்குடலினின்று தோன்றுகின்றன. எஞ்சியது பின்குடலினின்று தோன்றுகின்றது. இரண்டிற்கும் குருதி கொணரும் குழாய்களும் வெவ்வேறே.

ஆயினும் இரு பகுதிகளின் உயிரணுக்களிலும் உள்ள மரபேடு ஒன்றே. வேறுபடுவது எழுத்தன்று, எழுத்தின்மேல் ஏறிய குறி. 'க' என்னும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளியிட்டால் அதனுள் நின்ற அகரம் அடங்கிவிடுகிறதன்றோ? எழுத்து அழியவில்லை, ஒலியே அடங்கியது. அவ்வாறே மரபிழையில் சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூட்டு ஏறி அமர்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இப்புள்ளிகள் செறிந்தால் அம்மரபணு வாய்மூடும். எப்பிசெனெட்டிக்சு என்னும் சொல்லை 1942இல் வாடிங்டன் என்னும் அறிஞர் படைத்தார். இன்று அச்சொல் இக்குறிகளை ஆராயும் துறைக்கு வழங்குகிறது. நாம் அதனை மரபுமேலியல் எனலாம்.

நோயற்ற குடலிலேயே வலப்பாற் புள்ளிகளும் இடப்பாற் புள்ளிகளும் முற்றும் ஒத்திருப்பதில்லை. அகவை ஏற ஏறச் சில மரபணுக்களின்மேல் புள்ளிகள் கூடுகின்றன என்பதை 1994இல் இசா முதலிய அறிஞர் காட்டினர். ஒருசார் குடற்புற்றுகளில் இப்புள்ளிகள் பல மரபணுக்களின்மேல் ஒருங்கே செறிந்து கிடத்தலை 1999இல் தொயோட்டா, இசா முதலியோர் வெளியிட்டனர். அவ்வகைப் புற்றுகள் பெரும்பாலும் வலப்புறத்தே தோன்றுவன.

எம்.எல்.எச்.1 என்றொரு மரபணு உண்டு. மரபேடு படியெடுக்கப்படுங்கால் நேரும் பிழைகளைத் திருத்துதற்கு அது துணைநிற்கிறது. புள்ளி செறிந்து அதன் வாயடைத்தால் பிழை மலியும், புற்று முளைக்கும். பெருங்குடற் புற்றுகளுள் நூற்றில் ஏறத்தாழ 15 இவ்வாறு திருத்தும் ஆற்றல் இழந்தவை. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு இப்புள்ளிச் செறிவே கரணியம். அகவை முதிர்ந்த பெண்டிரிடம் இது மிகுதி.

இதனால் நமக்கென்ன என்பீராயின், கேளுங்கள். இடப்புறப் புற்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். மலச்சிக்கல் தோன்றும், குருதி கண்ணிற் படும். வலப்புறப் புற்றோ கரந்துறையும். அங்கே குடல் அகன்றது, உள்ளிருப்பது நீர்த்தது. அடைப்பு எளிதில் நேராது. கசியும் குருதி மலத்தொடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. நாள்தோறும் சிறிது சிறிதாய்க் குருதி இழந்த தாய் வெளிறி, படியேற மூச்சிரைத்து, திண்ணையில் அமர்கிறாள். "முதுமை" என்கிறோம். இரும்பு மாத்திரை வாங்கித் தந்து அமைகிறோம். குருதி எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை!

கேட்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் இரும்புக் குறைவால் சோகை வந்தால் குடலை ஆராய்தல் கட்டாயம். இடப்புறம் மட்டும் நோக்கும் குறுங்குழாய் போதாது. குடலின் தொடக்கம்வரை அகநோக்கி செல்ல வேண்டும். வலப்புறத்து முன்கட்டிகள் சில தட்டையானவை. குடல் தூய்மையாயிராவிடின் கண்ணுக்குத் தப்பும்.

இன்னொன்று. திருத்தும் ஆற்றல் பிறவியிலேயே குறைபட்ட குடும்பங்களும் உண்டு. பெருங்குடற் புற்றுகளுள் நூற்றில் ஏறத்தாழ 3 அவ்வழி வருவன. அந்நோயெனின் மக்களும் உடன்பிறந்தாரும் இளமையிலேயே ஆய்வுக்குட்பட வேண்டும். புற்றில் எம்.எல்.எச்.1-இன்மேல் புள்ளி செறிந்திருந்தால் அது பெரும்பாலும் வழிவழி வந்ததன்று. ஒரு புள்ளியை ஆராய்வதால் ஒரு குடும்பத்தின் அச்சம் நீங்கும்; அல்லது உற்ற காலத்தில் விழிப்பு வரும்.

அன்பர்களே! இன்றிரவு இல்லம் சேர்ந்ததும் உங்கள் அன்னையின் முகத்தை விளக்கொளியில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளிறியிருந்தால் வாளாவிராதீர்கள்.