நெடுநாள் உழைப்பது எது?

(மகாவீரர் பிறந்தநாள் விழாவை ஒட்டி, உத்தமபாளையம் சமணச் சிற்பங்களை வழிபட்டுத் திரும்பிய நம் குடும்பங்கள் வைகை அணைப் பூங்காவில் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க!



"அந்தக் காலத்துச் சாமான் போல இப்போது எது உழைக்கிறது?" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். மிக்சி நின்றுபோனாலும், வாங்கிய சில மாதங்களில் விளக்கு அணைந்தாலும் பெரியவர்கள் இவ்வாறு சலித்துக்கொள்கிறார்கள். இளையவர்களோ பழையதைக் குப்பையில் இட்டுப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். சலித்துக்கொள்வதும் எறிந்துவிடுவதும் எளிய செயல்கள். பெரியவர்களின் கூற்றில் உண்மை எவ்வளவு, நம் அறநெறி இதுபற்றி என்ன சொல்கிறது என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இன்று காலை உத்தமபாளையத்தில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டோம். அவை ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. அங்கும் மதுரை ஆனைமலையிலும் அச்சணந்தி அடிகளின் பெயர் கல்வெட்டில் நிற்கிறது. இப்போது நாம் அமர்ந்திருப்பது 1959ஆம் ஆண்டு, பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட அணையின் அருகில். இங்கே தேங்கும் நீரில் ஒரு பங்கு, 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வருகிறது. இவற்றையெல்லாம் ஒரே நாளில் கண்டவர்க்கு, "முன்னோர் செய்தவை நிலைத்தன, நாம் செய்பவை நிலைப்பதில்லை" என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் பெரியாற்று அணையின் வரலாற்றைச் சற்று உற்று நோக்குங்கள். 1887ஆம் ஆண்டு பணி தொடங்கிய பின்னர், பென்னிகுயிக்கும் தொழிலாளர்களும் எழுப்பிய தொடக்கக் கட்டுமானங்களைக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது. நின்றதை மட்டுமே நாம் காண்கிறோம். வெள்ளத்தில் போனவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அந்த அணையும் வெறுமனே விடப்பட்டு நிற்கவில்லை. 1979ஆம் ஆண்டுக்குப் பின் அதன் மேற்பகுதியில் கான்கிரீட் மூடி அமைத்தார்கள். எஃகுக் கம்பிகளால் பாறையோடு பிணைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பினார்கள். கட்டியவர் திறமை ஒரு பாதி. பேணியவர் உழைப்பு மறு பாதி. வைகை அணையும் அப்படியே. சுவர் உறுதியாக நிற்க, உள்ளே ஆண்டுதோறும் வண்டல் படிந்து நீர் கொள்ளும் அளவு குறைந்துவருகிறது. நன்றாகச் செய்த பொருளும் பேணப்படாவிடில் தன் பயனை இழக்கும் என்பதற்கு இதனினும் அருகில் சான்று வேண்டுவதில்லை.

வீட்டுப் பொருள்களுக்கும் இந்த விதி பொருந்தும். பரணில் இருக்கும் பாட்டியின் பித்தளை அண்டாவைக் காட்டி அந்தக் காலத்தைப் புகழ்கிறோம். அந்தக் காலத்தில் விற்ற ஓட்டைக் குடங்களும் உடைந்த விளக்குகளும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. எஞ்சியிருப்பது சிறந்தது என்பதால் அந்தக் காலத்துப் பொருள் அனைத்தும் சிறந்தவை என்று கொள்வது அளவைநெறிக்கு ஒவ்வாது. அந்த அண்டாவும் ஈயம் பூசுபவர் தெருவுக்கு வந்துகொண்டிருந்ததனால்தான் பிழைத்தது. ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பேறி உணவே நஞ்சாகும் என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள்.

புதியவை மேம்பட்ட இடங்களும் உண்டு. காற்றடித்து எரியும் பழைய மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து எத்தனை பெண்கள் உயிரிழந்தார்கள்! இன்றைய பிரஷர் குக்கரில் நீராவி போகும் வழி அடைபட்டு அழுத்தம் மிகுந்தால், பாதுகாப்பு வால்வு தான் கெட்டுப் பாத்திரத்தை வெடிக்காமல் காக்கிறது. மிக்சியின் அடியில் உள்ள 'கப்ளர்' என்னும் சிறு இணைப்பு அடிக்கடி தேய்வதாகக் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஜாடியில் கத்தி சிக்கிக்கொள்ளும்போது மோட்டார் எரியாதிருக்க, முதலில் தான் தேயும்படி அமைந்த உறுப்பு அது. சிறு செலவில் அதை மாற்றிவிடலாம். எனவே கெட்டுப்போவதெல்லாம் மோசமான செய்கை ஆகாது. சில உறுப்புகள் கெடுவதற்கென்றே நல்லெண்ணத்தோடு அமைக்கப்படுகின்றன.

அப்படியானால் பெரியவர்களின் சலிப்பில் உண்மையே இல்லையா? உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதைத் தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது. கெட்டதைச் சீர்செய்வதை நாம் 'பழுதுபார்த்தல்' என்கிறோம். பழுதைப் பார்ப்பதே பாதி வேலை என்று மொழியே கருதுகிறது. பழுதைப் பார்க்க வேண்டுமானால் பொருளைத் திறக்க முடிய வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் அறுத்து, அரத்தால் இழைத்து, நெம்புகளுக்குப் பொருந்தும்படி சாவியை அளவெடுத்துச் செய்த பூட்டு அது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. அதன் உள்ளமைப்பை அறிந்த ஒரு கைவினைஞரால் அதைத் திறந்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் உழைக்கச் செய்ய முடியும். எல்.இ.டி. விளக்கோ வேறு வகை. அதில் ஒளி தரும் சில்லு பல்லாண்டு எரியவல்லது. அதற்கு மின்சாரத்தை அளந்து தரும் சிறு சுற்று வெப்பத்தால் முதலில் கெடுகிறது. மூடியை ஒட்டிவிட்டதனால், கெடாத பகுதியையும் சேர்த்தே எறிகிறோம். புதிய பொருளின் குறை அதன் நுட்பத்தில் இல்லை. அதன் மூடிய வாயில்தான் இருக்கிறது.

சில வேளைகளில் இக்குறை வேண்டுமென்றே செய்யப்பட்டதும் உண்டு. 1924ஆம் ஆண்டு இறுதியில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. அதுவரை 1,500 மணி, 2,000 மணி எரிந்த விளக்குகள் இனி 1,000 மணியே எரிய வேண்டும் என்று அவை தமக்குள் வரையறுத்துக்கொண்டன. அதனினும் நீண்ட நாள் எரியும் விளக்கைச் செய்த நிறுவனத்துக்கு அபராதமும் விதித்தன. மிகுந்த ஒளி தரும் இழை விரைவில் தேயும் என்பது உண்மைதான். அதை அவை காரணமாகவும் கூறின. ஆயினும் நன்றாகச் செய்தவனைத் தண்டிக்கும் ஏற்பாட்டுக்கு இயற்கையின் மேல் பழி போட முடியாது.

இங்கேதான் நம் ஆகமம் வாய் திறக்கிறது. இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களில் கள்ளாமை ஒன்று. பிறர் வீட்டில் புகுந்து எடுப்பது மட்டுமே களவு என்று நம் ஆசிரியர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அதிகாரத்தில் இவ்விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களை எண்ணுகிறது. குறைந்தும் மிகுந்தும் அளக்கும் கள்ள அளவை அவற்றுள் ஒன்று. நல்லதைப் போலத் தோன்றும் தாழ்ந்த பொருளை நல்லதென்று விற்பது மற்றொன்று. கடைப்பிடிக்கத்தக்க இலக்கணம் இது. பொருள் பழையதா புதியதா என்பது நமக்குரிய கேள்வி அன்று. தன் தோற்றத்துக்கு அது உண்மையாக இருக்கிறதா என்பதே கேள்வி. மலிவான பொருள் மலிவு என்று சொல்லி விற்கப்பட்டால் அதில் களவு இல்லை. பத்தாண்டுப் பொருளின் பளபளப்பைப் பூசி ஓராண்டுப் பொருளை விற்பது களவு. உற்பத்தியும் வணிகமும் செய்யும் நம் இளைஞர்கள் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

வாங்குபவர்க்கும் ஒரு விரதம் உண்டு. அது பொருள் வரைதல். ஐந்து ஆண்டுகளில் நான்கு கைப்பேசி மாற்றுபவர், "எதுவும் உழைப்பதில்லை" என்று சொல்லும் தகுதியை இழக்கிறார். அவர் எறிந்த கருவியிலிருந்து செம்பை எடுக்க எங்கோ ஒருவர் கம்பிகளை எரிக்கிறார். அந்தப் புகை அவர் நுரையீரலிலும், அந்த மண்ணின் எண்ணற்ற சிற்றுயிர்கள் மேலும் படிகிறது. தேவையின்றி எறிவதும் கொல்லாமைக்கு மாறானதே.

நெடுநாள் உழைப்பது எது என்பதற்கு நம் முன்னோர் வாழ்வே விடை தருகிறது. பாறையிற் செதுக்கியது தானே நிற்கும். பனையோலை அப்படியன்று, செல்லரிக்கும், ஒடியும், சில நூற்றாண்டுகளில் பொடியாகும். செய்கையளவில் அது மிக மெலிந்த பொருள். ஆயினும் சீவக சிந்தாமணி நம் கைக்கு வந்தது. எண்ணெய் தடவிக் காத்தும், நைந்த ஓலையைப் புதிய ஓலையில் படியெடுத்தும், படியெடுத்ததைச் சாத்திர தானமாகப் பிறர்க்கு வழங்கியும் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தார்கள். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு அதனைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் பொருள் விளக்கி உதவினார்கள். மெலிந்த ஓலையில் எழுதிய நூல், காப்பாற்றும் கடமையுணர்வால் கல்லுக்கு நிகராக நின்றது.

ஆகவே அறக்கட்டளைக்கும் குடும்பங்களுக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைத் திறக்க முடியுமா? உதிரி உறுப்பு கிடைக்குமா? பழுதுபார்ப்பவர் நம் ஊரில் இருக்கிறாரா? பழுதுபார்க்கும் உரிமைக்கு நெறிமுறை வகுக்க 2022ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் நலத்துறை ஒரு குழுவை அமைத்தது. சட்டம் முழுமை பெறும்வரை வாங்குபவர் கேட்கும் கேள்வியே விற்பவரைத் திருத்தும்.

அடுத்து, திருமணங்களிலும் விழாக்களிலும் தாம்பூலப் பையோடு நாம் கொடுக்கும் நெகிழிப் பெட்டிகளும் சிறு பொம்மைகளும் எத்தனை வீடுகளில் ஒரு மாதம் தங்குகின்றன? அச்செலவில் அடுத்த ஆண்டு விழாவன்று பழுதுபார்க்கும் நாள் ஒன்றை நடத்தலாம். மின்பணி அறிந்தவர், தையல் அறிந்தவர், பூட்டுச் செப்பனிடுபவர் ஆகியோரை உரிய கூலி கொடுத்து அழைப்போம். ஒவ்வொரு குடும்பமும் நின்றுபோன ஒரு பொருளைக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் அருகில் அமர்ந்து, அதன் உள்ளே இருப்பதைக் காணட்டும். பழுதைப் பார்க்கக் கற்ற பிள்ளை, பொருளை எளிதில் எறியாது. தானே ஒன்றைச் செய்ய நேரும்போது பிறரை ஏமாற்றும் பொருளைச் செய்யவும் துணியாது.

அறம் வளர்க! உயிர்கள் வாழ்க!