செதிற்பூச்சியும் சங்கத்தாரின் கடமையும்



கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும் ஓசூர் ரோஜாத் தோட்டங்களிலும் கிளைகளின்மேல் சொறிபோல் ஒட்டியிருப்பதை மரப்பட்டையென்று எண்ணிவிடலாகாது. அது செதிற்பூச்சி. தாய்ப்பூச்சி மெழுகோட்டின்கீழ் அசையாதிருந்து சாற்றை உறிஞ்சும். மேலே தெளிக்கும் மருந்து ஓட்டைத் துளைப்பது அரிது. முட்டையினின்று வெளிவந்து இடந்தேடி ஊரும் குஞ்சுகளே எளிதில் மடிவன.

எனவே, கிளையில் ஒட்டுநாடாவைப் பசைப்புறம் வெளியே இருக்கச் சுற்றிவைத்துப் பார்த்து வருக. குஞ்சுகள் ஒட்டக் கண்டால், லிட்டர் நீருக்கு 25 கிராம் மீனெண்ணெய்ச் சோப்பைக் கரைத்து, முதலில் ஒரு கிளையில் சோதித்து, பின்னர் இலையின் அடிப்புறமும் நனைய மாலையில் தெளித்தல் வேண்டும். மிகுதியும் பீடிக்கப்பட்ட கிளைகளை வெட்டி எரித்தல் நலம்.

செதிற்பூச்சிக்கு இயற்கையிலேயே பகைவன் உண்டு; அது பொறிவண்டு. 1928-ஆம் ஆண்டில் நீலகிரியின் சீகை மரங்களில் ஆஸ்திரேலியச் செதிற்பூச்சியொன்று காணப்பட்டது. அதை ஒடுக்கியது அயல்நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ரொடோலியா என்னும் பொறிவண்டே. கடும் விஷமருந்தை அடிக்கடி தெளிப்பவர் கூலி கேளாத இவ்வேலையாளையே கொல்லுகிறார். செதிலின் தேனுக்காக வரும் எறும்புகளும் வண்டை விரட்டும். ஆதலால் தரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுக.

குஞ்சுகள் காற்றோடு வேலி தாண்டுவன. ஒருவர் தெளிக்க, அடுத்தவர் வாளாவிருந்தால், கடன் வாங்கிச் செய்த செலவு வீணே. சங்கம் ஒரு தெளிப்பானைப் பொதுவில் வாங்கி, ஊர்த்தோட்டங்கள் யாவற்றிலும் ஒரே வாரத்தில் முறைவைத்துத் தெளிப்பதே கூட்டுறவு.