கோதுமைப் பாலும் கோதுமைப் பசையும்

(அரக்கோணத்தில் நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



திருத்தணிகை மலை நமக்கு அண்மையில் இருப்பதால், நம்மவர் இல்லங்களில் மாதக் கிருத்திகை, ஆடிக் கிருத்திகை, கந்த சஷ்டி, புரட்டாசிச் சனிக்கிழமை என மரக்கறி உணவே கொள்ளும் நாட்கள் பல. அந்நாட்களில் நம் இலையில் விழுவது யாது? சோறு மிகுதி, நீர்த்த சாம்பார் கொஞ்சம், ஒரு பொரியல், ஓர் அப்பளம். விரதங்களை மிகுதியாய் அநுஷ்டிப்போர் நம் பெண்மக்களே. எல்லோருக்கும் பரிமாறியபின் கடைசியில் உண்போரும் அவர்களே. பருப்பு அடியோடு தீர்ந்தபின் அவர்களுக்கு எஞ்சுவது இரசமும் மோருமாம். தசையை வளர்ப்பதும், தேய்ந்ததைப் புதுப்பிப்பதும் புரதம் என்னும் சத்து. அச்சத்து வீட்டில் எவருக்கு மிகவும் வேண்டுமோ அவருக்கே குறைகின்றது. ஆதலின் இன்று சமையலறையைக் குறித்தே சில வார்த்தை பேச முன்வந்தோம்.

திருநெல்வேலி அல்வாவை அறியாதார் இலர். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பாலெடுத்துக் கிண்டுவது அது. பால் என்று நாம் சொல்வது கோதுமையின் மாவுச்சத்தே. பிழிந்தபின் கையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் சக்கையை மாட்டுக்குப் போடுகிறோம். அச்சக்கையில் தவிட்டோடு கலந்து கிடப்பதே கோதுமையின் பசை. கோதுமையிலுள்ள புரதத்தின் பெரும்பங்கு அதிலேதான் இருக்கின்றது. தித்திப்பை நாம் வைத்துக்கொண்டு, பலத்தைத் தொட்டிக்கு அனுப்புகிறோம்.

இப்பசையை மாவினின்றும் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர் இத்தாலி தேசத்துப் பொலோனா நகரப் பண்டிதர் பெக்காரி. 1728-ல் அதைப் பற்றி உபந்நியசித்தார். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே சீனர் இதைக் கழுவியெடுத்துச் சமைத்து வந்தனர்; புலால் மறுத்த பௌத்த மடங்களில் இது முக்கியமான கறி. ஜப்பானியர் இதை ‘ஃபூ’ என்பர். இன்று உலகெங்கும் வழங்கும் ‘சைத்தான்’ என்ற பெயர் 1960-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஓசாவா என்னும் ஜப்பானியர் இட்டது. நம் பாஷையிலுள்ள சைத்தானுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! மலேசிய நாட்டில் நம் தமிழ் மக்கள் சீனரிடமிருந்து இதைக் கற்று, தைப்பூச விரதத்திலும் புரட்டாசியிலும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வறுவலாகவும் குழம்பாகவும் உண்டு வருகின்றனர். கடல் கடந்த முருகனடியார் கைக்கொண்டது, தணிகையின் அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அந்நியமாகுமோ?

இனிச் செய்முறை. ஒரு கிலோ மைதாவில் சிறிது உப்பிட்டு, அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் விட்டு, பூரி மாவைப் போலக் கெட்டியாய்ப் பத்து நிமிஷம் நன்றாய்ப் பிசைக. பிசைவதில் சோம்பல் கூடாது; பசையின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அப்பொழுதுதான். பிறகு உருண்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுக. அதன்பின் அந்நீருக்குள்ளேயே மெல்லப் பிசைந்து பிழிக. நீர் பாலாய் வெளுக்கும். அப்பாலை ஒரு பெரிய பாத்திரத்தில் வடித்துச் சேர்த்து, வேறு நீர் விட்டு மீண்டும் பிழிக. இடையில் உருண்டை சிதறுவதுபோலத் தோன்றும். அஞ்ச வேண்டுவதில்லை, வடிதட்டில் சேர்த்துப் பிழிந்தால் கூடிவிடும். ஐந்தாறு முறையில் நீர் ஏறக்குறையத் தெளிந்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பசை கையில் நிற்கும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 300 கிராம் தேறும்.

இதற்குச் சொந்த ருசி இல்லை. வேகும் நீரே ருசி தரும். இஞ்சி, மிளகு, சோம்பு, மஞ்சள், உப்பு இட்ட நீரில் துண்டுகளைப் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுக. தளதளவென்று கொதித்தால் கடற்பஞ்சுபோல ஊதிவிடும். இட்டலிப் பானையில் ஆவியில் வைத்தால் இறுக்கமாய் வரும். வெந்ததைப் பிழிந்து, குருமாவிலோ காரக் குழம்பிலோ இடலாம். மிளகு தூவி வறுக்கலாம். வெங்காயம் பூண்டு விலக்கும் நாட்களில் பெருங்காயமும் சீரகமும் போதும். வடித்த பாலை இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்தால் அடியில் மாவு தங்கும். அது அல்வாவுக்கும் வற்றலுக்கும் ஆகும். இரண்டும் பயன்பட்டால்தான் இது சிக்கனம். பாலைக் கொட்டிவிட்டால் வீண் செலவே.

“சுவரொட்டிப் பசையையா தின்பது?” என்று சிலர் நகைக்கலாம். சுவரில் ஒட்டுவது காய்ச்சிய மாவுச்சத்து. நாம் கழுவி நீக்குவதே அதைத்தான். “மைதா ஆகாது” என்பார் கோதுமை மாவிலும் செய்யலாம். தவிடு இழையை அறுப்பதால் அதிகம் ஊறவேண்டும், பொறுமையும் வேண்டும். “விரத நாளில் மாமிசத்தின் சாயலை உண்பதா?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. மாமிசத்தின் பெயரை இதற்குச் சூட்டுவது நமக்கும் சம்மதமன்று. கோதுமைப் பசை என்றே சொல்லுவோம்; பலாக்காயும் காளானும் தத்தம் பெயராலேயே இலையில் ஏறவில்லையா?

எச்சரிக்கை மூன்று உண்டு. முதலாவது: வெந்த பசை நூறு கிராமில் சுமார் இருபது கிராமுக்குக் குறையாமல் புரதம் இருப்பினும், லைசின் என்னும் கூறு அதில் குறைவு. பருப்பிலும் கடலையிலும் அது நிறைந்துள்ளது. ஆதலால் இது பருப்புக்குத் துணையேயன்றிப் பதிலாகாது. சாம்பாரை நிறுத்திவிட்டு இதைச் செய்வது பேதைமை. இரண்டாவது: சீலியாக் என்னும் நோயுள்ளோருக்குக் கோதுமைப் பசை குடலைக் கெடுக்கும். கோதுமை உண்டபின் ஓயாத வயிற்றுப்போக்கும் மெலிவும் காணும் குழந்தையை உடனே வைத்தியரிடம் காட்டுக. மூன்றாவது: நம் ஊர் வெயிலில் பச்சைப் பசை விரைவில் புளித்துவிடும், அன்றே வேகவைத்துவிடுக.

சங்கத்துக்கு நம் விண்ணப்பம் ஒன்றே. வரும் கிருத்திகைக்கு முன் மாதர் பகுதியினர் ஒரு நாள் கூடி, இதைச் செய்து காட்டட்டும். ஆடவரும் வந்து பிசைந்து பழகட்டும், தோள்வலிமை வேண்டும் வேலையாதலின்! அன்று சமைப்பதை முதலில் பரிமாற வேண்டியது யாருக்கு என்பதை மட்டும் இப்பொழுதே தீர்மானித்துவிடுவோம். எந்நாளும் கடைசியில் உண்பவர், அன்றாவது முதற்பந்தியில் அமரட்டும். பின்னர் அவ்வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் நிலைபெறட்டும்.