நீரும் எலும்பும்



தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பல் துலக்காமல் வந்தான் என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. மறுநாள், ஈறு புண்ணாகும்படி வேப்பங்குச்சியால் தேய்த்துவிட்டு வந்து நின்றான். கறை அப்படியே இருந்தது. பிறகு பள்ளிக்கு வந்த மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் உண்மை விளங்கிற்று. பிழை பையனிடத்தில் இல்லை. அவன் பருகிய ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்தது.

அந்நீரில் கலந்திருந்த பொருள் புளோரைடு. பாறைகளிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்வது. நிறத்தாலோ மணத்தாலோ அதை அறிய இயலாது. பல்லின் கறை வெளியே தெரிகிறது. எலும்பில் நிகழ்வதோ தெரிவதில்லை. அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

எலும்பைக் கல்லைப்போல் மாறாத பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். அது நாள்தோறும் இடிக்கவும் கட்டவும்படுகிற வீடு. உங்கள் வயதில் இடிப்பதைவிடக் கட்டுவது மிகுதி. ஒருவர் வாழ்நாளில் அடையும் எலும்புச் செறிவில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. கட்டட வேலை மும்முரமாக நடக்கும் அக்காலத்தில் வருகிற புளோரைடு, எலும்பின் சுண்ணாம்புப் படிகத்துக்குள் புகுந்து அமர்ந்துகொள்கிறது. வளர்ந்தவர் உடலைவிட வளரும் உடலே அதனை மிகுதியாகத் தேக்கிவைக்கிறது. அளவு மிஞ்சினால் எலும்பு கனத்துத் தோன்றும். ஆயினும் உறுதி குன்றி எளிதில் முறியும்.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், முதுகெலும்பு விறைத்துக் குனிய முடியாமற்போன மக்களை ஆராய்ந்து, 1937-இல் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் இந்நோயைப்பற்றி எழுதினார்கள். 1973-இல் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி ஆகிய இருவரும், புளோரைடு மிகுந்த பகுதியில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டக் கால்கள் வளைந்துபோனவர்களைப்பற்றி எழுதினார்கள். முன்னது ஆண்டுகள் பல சென்றபின் காணும் கேடு. பின்னது வளரும் பருவத்திலேயே காலைத் திருகிவிடுவது.

உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் கேடு இன்னும் கடுமையாகும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உண்டு. களியைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகளை நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன்!

நீரைக் காய்ச்சினால் போகாதோ என்பீர்கள். போகாது, நீர் வற்றவற்றப் புளோரைடின் செறிவு ஏறத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைத்து அதைக் குறைக்கும் முறைக்கு நல்கொண்டாவின் பெயரே வழங்குகிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்பது நம் நாட்டு அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்தது 2013-இல்தான்.

என் கதை அதற்கு முந்தியது. மருத்துவர் சென்றபின் அம்மாணவனை அழைத்து, "தவறு என்னுடையது, தம்பி" என்றேன். பல் முளைக்குமுன்பே உள்ளே ஏறிய கறை அது, தேய்த்தால் போகாது என்றும் விளக்கினேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "ஐயா, என் தங்கைக்கு மூன்று வயது. அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்" என்றான்.

மறுநாட்காலை, ஒரு சீசாவில் அக்கிணற்று நீரை எடுத்துக்கொண்டு, நானும் அவனும் சோதனைச்சாலைக்குப் பேருந்து ஏறினோம்.