பின்னி மில் முதல் பெரும்பாக்கம் வரை: நகரம் யாரை வெளியேற்றுகிறது?



இன்று காலை நாம் சேர்ந்து பெரம்பூரிலிருந்து பட்டாளம் வழியாகப் புளியந்தோப்பு வரை நடந்தோம். பார்த்தவற்றைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பின்னி மில் இருந்த நிலத்தில் எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். தெருவைத் தோண்டி நடக்கிற மெட்ரோ வேலை. அதையெல்லாம் தாண்டி வந்தால் புளியந்தோப்பின் ஹவுசிங் போர்டு வீடுகள். நடக்கும்போது உங்களில் ஒருவர் சொன்னார்: "வட சென்னை அடையாளமே தெரியாம மாறிடுச்சு தோழர்." மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எது மாறவில்லை என்று பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லின் முழுப்பெயர் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில்ஸ். 1870களிலும் 80களிலும் தனித்தனியாகத் தொடங்கிய இரண்டு ஆலைகள் 1920இல் ஒன்றாயின. நிர்வகித்தது பின்னி கம்பெனி என்பதால் நம் ஜனங்களுக்கு அது பின்னி மில். போலீசும் பட்டாளமும் உடுத்திய காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை. "சங்கு ஊதுனா கடிகாரமே தேவையில்ல" என்பார் தாத்தா. 1996இல் மில் மூடப்பட்டபோது எனக்கு மூன்று வயது. நான் பார்த்த பின்னி மில் சினிமாவில்தான். கதாநாயகன் வில்லனின் ஆட்களை அடித்துத் தூக்கியெறிகிற பாழடைந்த கட்டடம் இருக்கிறதே, பல படங்களில் அது எங்கள் மில்தான்.

என் ஆயாவுக்கு வருஷக் கணக்கு தெரியாது. அவருடைய மாமியார் எப்போது பிறந்தார் என்று கேட்டால், "குடிசை எரிஞ்சப்போ அவங்க கைக்குழந்தை" என்பார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கோடை வந்தால் குடிசை எரிவது எங்கள் பகுதியில் புதிய செய்தி அல்ல. ஏதோ அடுப்புத் தீ என்றுதான் நினைத்திருந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து 1921ஆம் ஆண்டுக் கோப்புகளைப் படித்தபோதுதான் புரிந்தது. அது அடுப்புத் தீ அல்ல.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. ஆகியோரின் பெயர்களைத் தொழிற்சங்க வரலாறு மரியாதையோடு சொல்கிறது. சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு தகவலையும் சேர்த்துப் படியுங்கள். அந்தச் சங்கம் கருக்கொண்ட இடம், மில்லுக்குப் பக்கத்தில் இயங்கிய வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பக்தி சபை. மில்லில் வேலை செய்த ஆதிதிராவிடர் ஒருவருக்கு அந்தச் சபையின் திண்ணை எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்? வர்க்க வரலாறு கேட்காத கேள்வி இதுதான்.

1921இல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. மோதல்கள் மாதக்கணக்கில் நீடித்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

இந்தக் கதையில் எங்கள் முன்னோருக்குக் கிடைத்த பெயர் கருங்காலி. வெள்ளைக்கார நிர்வாகம் பிரித்தாண்டது என்று விளக்கம் சொல்வார்கள். நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்தப் பிளவை அது கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. ஒரே கூரையின் கீழ் நூல் நூற்றவர்கள், சங்கு ஊதியதும் ஊருக்கும் சேரிக்கும் தனித்தனியாகத்தான் நடந்துபோனார்கள். சேமிப்பு, ஊரில் நிலம், கடன் கொடுக்கும் சொந்தக்காரர் என்று எதுவும் இல்லாதவருக்கு மாதக்கணக்கில் நீளும் வேலைநிறுத்தம் என்றால் மாதக்கணக்கில் பட்டினி. அவரைக் கலந்து பேசாமல் முடிவெடுத்துவிட்டு, அவர் வரவில்லை என்றதும் வீட்டைக் கொளுத்துவதை வர்க்க ஒற்றுமை என்று சொல்ல என்னால் முடியாது. துப்பாக்கிச் சூட்டில் செத்த தொழிலாளர்களுக்காகவும் வருந்துகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரை அந்த வரலாறு பாதிதான்.

இன்றைய தலைப்புக்கு நேராக வருகிறேன். அன்று ஆதிதிராவிடர் நலனைக் கவனித்த அரசுத் துறையின் பெயர் தொழிலாளர் துறை. அந்தத் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் கலவரத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தரப்பு குற்றம்சாட்டியது. ஆதிதிராவிடர்களைச் சென்னை நகரத்தைவிட்டே அகற்ற வேண்டும் என்ற யோசனையும் அந்தத் தலைமையிடமிருந்து எழுந்தது. குடிசையை எரித்தவர்களை அல்ல, எரிந்த குடிசைக்காரர்களை அகற்ற வேண்டுமாம்! அந்தக் கட்சியில் இருந்துகொண்டே இதற்கு எதிராகக் குரல் கொடுத்த எம்.சி.ராஜா 1923இல் வெளியேறினார். நீதிக்கட்சியின் வகுப்புவாரி உரிமைப் பங்களிப்பை நான் மறுக்கவில்லை. அதன் பலனை அனுபவிக்கிறவன்தான் நானும். ஆனால் நம் வீட்டுக் கணக்கையும் நாம்தான் எழுத வேண்டும்.

1921இன் யோசனை அன்று நிறைவேறவில்லை. பிறகு நிறைவேறியதா?

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதே முக்கிய வழியாக இருந்தது. வட சென்னையில் நீங்கள் பார்க்கிற பழைய ஹவுசிங் போர்டுகள் அப்படி வந்தவை. 2000 வாக்கில் காற்று திசை மாறியது. நகரத்துக்கு வெளியே, தெற்கே, கண்ணகி நகரில் 15,656 வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரையிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அள்ளிக்கொண்டுபோன குடும்பங்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்று அங்கே ஒரு நாள் போய்ப் பார்த்தாலே தெரியும். இப்போது சொல்கிற காரணங்களில் சாதி இருக்காது. நீர்நிலை, வெள்ள அபாயம், நகர அழகு என்றுதான் இருக்கும். அதே வெள்ளப் பாதையில் நிற்கிற பெரிய கட்டடங்கள் மட்டும் அசையாது.

என் சித்தியின் குடும்பம் கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கம் போனது. முன்பு அவர் நடந்துபோய் நாலு வீட்டில் வேலை செய்வார். மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, பெரம்பூர்ப் பக்கம் புதிதாக வந்த ஓர் அடுக்குமாடியில் வீட்டு வேலைக்கு வருகிறார். அவர் பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான் அது. "வேலைக்கு மட்டும் நாம வேணும், ராத்திரிக்கு வேணாமா?" என்று கேட்டார். என் ஆய்வேட்டின் நானூறு பக்கத்தில் நான் கேட்க நினைத்ததை சித்தி ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

"அப்படியென்றால் மக்கள் குடிசையிலேயே இருக்க வேண்டுமா? வளர்ச்சி வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும். குடிசை எரிந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நல்ல வீடு, மெட்ரோ, பூங்கா எல்லாம் வேண்டும். அவை வரும்போது அனுபவிக்க நாங்களும் இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருந்த இடத்திலேயே கட்டிக்கொடுக்க முடியும் என்பதற்குப் புளியந்தோப்பு கே.பி.பார்க் சாட்சி. ஆனால் 2021இல் அங்கே புத்தம்புதுச் சுவரின் பூச்சு கை வைத்தாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. நிலம் நமக்கு என்றால் தரம் குறையும், தரம் வேண்டுமென்றால் நிலம் போகும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமே அல்ல.

இப்போது வட சென்னை வளர்ச்சித் திட்டம் நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவில் நடக்கிறது. இவ்வளவு காலம் புறக்கணித்த பகுதிக்குப் பணம் வருவதை வரவேற்போம். கூடவே மூன்று கேள்விகளை ஒவ்வொரு வேலையிலும் கேட்போம். இந்த வேலைக்காக யாருடைய வீடு இடிபடுகிறது? திரும்பி வந்து குடியேற அவர்களுக்கு எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறதா? கட்டி முடிக்கும்வரை அவர்கள் எங்கே, யார் கொடுக்கும் வாடகையில் இருப்பார்கள்? பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று நம் தெருக்களில் சொல்வோம்.

கடைசியாக ஒன்று. கானா, குத்துச்சண்டை, கால்பந்து என்று வட சென்னையைக் கொண்டாடுகிற ரீல்ஸ் நிறைய வருகிறது. நானும் பார்க்கிறேன், பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அந்தத் தெருக்களின் ஆட்கள் முப்பது கிலோமீட்டர் தள்ளிப்போன பிறகு மிஞ்சுவது சுவர் ஓவியம் மட்டுமே. உங்கள் வீட்டில் ஆயாவோ தாத்தாவோ இருந்தால் இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம் எங்கே இருந்தோம், யார் கிளப்பினார்கள், ஏன் வந்தோம் என்று போனில் பதிவு செய்யுங்கள். என் ஆயா "குடிசை எரிஞ்சப்போ" என்று சொன்னதை இருபது வருஷம் காதில் வாங்காமல் இருந்தவன் நான். நீங்கள் அவ்வளவு தாமதிக்காதீர்கள்.