‘எல்லாருக்கும்’ என்னும் ஒரு சொல்



இயேசுவின் சிலுவை மரணத்தால் விளைந்த பாவநிவிர்த்தி மனிதர் அனைவருக்கும் உரியதா? கடவுள் முன்னரே தெரிந்துகொண்டவர்க்கு மட்டும் உரியதா? கிறிஸ்தவ அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்ட வினா இது. நாம் எச்சமயத்தினராயினும், ‘எல்லாரும்’ என்ற சொல்லின் எல்லை எதுவரை என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று.

ஆலந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்மீனியஸ் 1609-இல் மறைந்தார். மறு ஆண்டு அவர் வழி நின்றோர் ஐந்து கோட்பாடுகளை வெளியிட்டனர். கிறிஸ்து அனைவருக்காகவும் மரித்தார், நம்புவோரே அப்பயனை அடைவர் என்பது அவற்றுள் ஒன்று. இதனை ஆராய 1618-இல் டோர்ட் நகரில் திருச்சபை மாமன்றம் கூடியது. அம்மரணத்தின் மதிப்பு உலகமனைத்தின் பாவத்திற்கும் போதுமானது. ஆயினும் தெரிந்துகொள்ளப்பட்டவரை மீட்பதே அதன் நோக்கம் என்று அம்மன்றம் 1619-இல் தீர்ப்பளித்தது. மாற்றுக் கருத்துடைய போதகர் பலர் பதவி இழந்தனர்.

இரு சாராரும் வேதநூலையே சான்று காட்டினர். முழு உலகையும் குறிக்கும் யோவானின் முதல் நிருபத்தை ஒரு சாரார் எடுத்துரைத்தனர். மேய்ப்பன் தன் ஆடுகளுக்காக உயிர் கொடுப்பதைக் கூறும் யோவான் சுவிசேஷத்தை மறு சாரார் எடுத்துரைத்தனர். அனைவருக்காகவும் மரித்தாரெனில் அனைவரும் மீட்கப்படாதது ஏன் என்றனர் இவர்கள். சிலருக்காக மட்டுமெனில் அனைவரையும் அழைப்பது எங்ஙனம் மெய்யாகும் என்றனர் அவர்கள். இரண்டும் எளிதில் தள்ளத்தக்க வினாக்கள் அல்ல.

இங்கிலாந்தில் நண்பர்களாயிருந்த ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் 1739-க்குப் பின் இவ்வாதத்தால் பிரிந்தனர். அருள் அனைவருக்கும் என்ற வெஸ்லி, 1774-இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் எழுதினார். தெரிந்துகொள்ளப்பட்டவர்க்கே என்ற விட்ஃபீல்டோ, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமை முறையை அனுமதிக்க வேண்டுமென வாதாடினார். இதைக் கொண்டு கோட்பாடே நடத்தையை முடிவு செய்கிறது எனக் கருதிவிடாதீர்கள். கால்வின் வழி நின்ற ஜான் நியூட்டன், முன்னர் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்தவர், 1788-இல் அவ்வாணிகத்தின் கொடுமையை எழுதி வெளிப்படுத்தினார். மறுபுறம், அனைவருக்கும் மீட்பு உண்டு எனப் போதித்த சபைகளிலும் அடிமைகளை வைத்திருந்தோர் உண்டு.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. ஒரே மீட்பரை அறிவித்த ஆலயங்களில் சாதிக்கொரு இடம் வகுக்கப்பட்டிருந்தது. சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே ஒழிக்க வேண்டுமெனக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. பீடத்தில் ‘எல்லாரும்’ என்றவர்கள், அமரும் பாயில் ‘சிலர்’ என்றனர்.

இளைஞர்களே, ஒரு சொல்லின் பரப்பை ஏட்டில் மட்டும் தேடாதீர்கள்; யார் எங்கே அமர்த்தப்படுகிறார் என்பதிலும் பாருங்கள். அதே அளவுகோலை நம்மீதும் வைத்துக்கொள்வோம். நம் கழகம் ‘அனைவர்க்கும் கல்வி’ என்னும்போது, தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்ற சிறுமியும் அதில் அடங்குகிறாளா? கூலிக்குப் போகும் சிறுவன் அடங்குகிறானா? நம்மினும் எளியவர் வீட்டுக் குழந்தை அடங்குகிறதா? நாம் விடுபட்ட பட்டியலை நன்கு அறிந்தவர்கள். நம் பட்டியலில் எவரும் விடுபடலாகாது.